தாழ்ந்து தொங்கும் கம்பி



லண்டனின் நடுப்பகுதியில் அண்ணாந்து பார்த்தால் மின்கம்பி கண்ணில் படாது. எல்லாம் நடைபாதைக்கு அடியில் ஓடுகிறது. 1880களில் நிலைமை வேறு. நியூ பாண்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த க்ரோவ்னர் கேலரி என்ற ஓவியக்கூடம் தன் விளக்குகளுக்காக மின்சாரம் தயாரித்தது. அக்கம்பக்கத்துப் பணக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, 2,400 வோல்ட் கம்பிகள் வீட்டுக் கூரைகளுக்கு மேலாக நாலாபக்கமும் ஓடின. தெருவைத் தோண்டுவதென்றால் அனுமதி வாங்க வேண்டும்; கூரைக்கு மேலே இழுத்தால் அந்தத் தொல்லை இல்லை. அந்த அமைப்பைச் சீர்செய்ய 1886இல் அமர்த்தப்பட்ட பொறியாளர் ஃபெராண்டி இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். அவர்தான் பிறகு டெட்ஃபர்டில் பெரிய மின்நிலையம் கட்டி, மெழுகு ஊறிய காகிதம் சுற்றிய 10,000 வோல்ட் கேபிளை நகருக்குள் கொண்டுவந்தார்.

அதற்கு முன்பே ஆபத்து என்னவென்று தெரிந்திருந்தது. லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டில், பின்னாளில் பிரதமரான சாலிஸ்பரி பிரபுவின் மாளிகையில், 1881இல் தோட்டக்காரர் ஒருவர் உறையில்லாத மின்கம்பியைத் தொட்டு இறந்தார். பிரிட்டனில் மின்சாரம் பாய்ந்து உயிரிழந்த முதற்சிலரில் அவரும் ஒருவர்.

இன்றைய லண்டனில் நம் தமிழர்கள் நிறையப் பேர் நகரின் நடுவில் இல்லை. ஹாரோ, இல்ஃபர்ட், குரொய்டன், நியூ மோல்டன் என்று புறநகர்களில் இருக்கிறார்கள். வீட்டு விலை தாங்காமல் இன்னும் தள்ளி எசெக்ஸ், கென்ட் பக்கம் போனவர்களும் உண்டு. அங்கே மரக் கம்பங்கள் உண்டு, கம்பிகள் உண்டு. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது. புறநகர்த் தெருவில் ஒரு கம்பத்தின் உச்சியிலிருந்து மெல்லிய கறுப்பு வயர்கள் வீட்டுக்கொன்றாகப் பிரிந்து போனால், அவை பெரும்பாலும் டெலிபோன் வயர்கள். மின்கம்பத்தில் பீங்கான் இன்சுலேட்டர் இருக்கும். மின்னல் தாக்கி ஒரு மனிதன் பின்பக்கம் சாய்வது போன்ற மஞ்சள் முக்கோணப் பலகையும் இருக்கும். பத்து வருடம் டெலிபோன் வயரைப் பார்த்துப் பழகியவர், பதினோராம் வருடம் தொங்குகிற எந்த வயரையும் டெலிபோன் வயர் என்றே நினைத்துக் கையால் ஒதுக்கிவிடுகிறார். கறுப்பு உறை இருக்கிறதே என்ற தைரியம் வேறு. வெயிலும் மழையும் தின்ற பழைய உறையில் எங்கே வெடிப்பு இருக்கிறது என்று கீழே நின்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கூரை விளிம்புக்குக் கீழே சுவரோடு ஒட்டி வீட்டுக்கு வீடு போகும் மின்கேபிளும் சில பழைய தொடர்வீடுகளில் உண்டு. பெயின்ட் அடிக்கிறவர்கள் அதன்மேல் பிரஷை ஓட்டுவதைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

கம்பி தொங்குவதே தவறு என்றும் இல்லை. எந்தக் கம்பிக்கும் ஓரளவு தொய்வு விட்டுத்தான் கட்டுவார்கள். விறைப்பாக இழுத்தால் குளிரில் சுருங்கும்போது அறுந்துவிடும். வெயிலில் எதிர்மாறு. 100 மீட்டர் இடைவெளியில் கட்டிய அலுமினியக் கம்பி 30 பாகை கூடுதலாகச் சூடேறினால் ஆறேழு சென்டிமீட்டர் நீள முயலும். கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஏறக்குறைய நேராக ஓடும் கம்பியில் சிறு நீட்சியும் நடுவில் பலமடங்கு தொய்வாக மாறுவதால், கம்பி அரை மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிடலாம். ஹீத்ரோவில் 40.2 பாகை வெயில் அடித்த 2022 ஜூலை 19 போன்ற நாட்களில் இது வெறும் கணக்கு அல்ல. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உயரழுத்தக் கம்பிகள் தொய்ந்து, வெட்டாமல் விட்ட மரங்களில் பட்டன. அதிலிருந்து தொடங்கிய மின்தடை வடகிழக்கு அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் ஐந்து கோடிப் பேரை இருட்டில் விட்டது.

பிரிட்டனில் இதற்குச் சட்டம் வைத்த அளவு உண்டு. 33,000 வோல்ட் வரையிலான திறந்த கம்பி, வாகனம் ஓடும் சாலைக்கு மேலே 5.8 மீட்டருக்கும் மற்ற இடங்களில் 5.2 மீட்டருக்கும் கீழே இறங்கக் கூடாது. அதற்காக யாரும் டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போக வேண்டாம். நேற்று வரை ஜன்னலுக்கு மேலே இருந்தது இன்று ஜன்னல் மட்டத்தில் தெரிகிறதா, மரக்கிளை அதில் சாய்ந்திருக்கிறதா, சுவரில் கம்பியைப் பிடிக்கிற இரும்புக் கொக்கி பிடுங்கிக்கொண்டு ஆடுகிறதா, கம்பம் சரிந்திருக்கிறதா? இதில் ஒன்று தெரிந்தாலே போதும், போன் எடுக்கலாம்.

யாருக்கு? ஊரில் என்றால் லைன்மேனுக்கு ஆள் அனுப்புவோம். இங்கே பலர் மாதாமாதம் பில் அனுப்புகிற கம்பெனிக்கு அடித்து, இசை கேட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். பில் அனுப்புகிறவருக்குக் கம்பி சொந்தமில்லை. கம்பம், கம்பி, வீட்டுக்குள் வரும் கேபிள் எல்லாம் விநியோக நிறுவனத்துக்குச் சொந்தம். லண்டனின் பெரும்பகுதிக்கு அது யூகே பவர் நெட்வொர்க்ஸ். மேற்கு லண்டனின் சில பகுதிகளுக்கு எஸ்எஸ்இஎன். இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. 2016 முதல் 105 என்ற இலவச எண் இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் எங்கிருந்து அழைத்தாலும் உரிய நிறுவனத்துக்கே போகும். போஸ்ட்கோட்டைச் சொல்லுங்கள், கம்பத்தில் எண் பலகை இருந்து, தூரத்தில் நின்றே வாசிக்க முடிந்தால் அதையும் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999.

கம்பி தரையில் விழுந்து கிடந்தால் கதை வேறு. பொறி பறக்கவில்லை, சத்தமில்லை, தெருவே இருட்டு, ஆகவே கரண்ட் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் பெரிய ஆபத்து. கிராமப்புறத்து 11,000 வோல்ட் தடங்களில் தானியங்கிக் கருவிகள் உண்டு. கோளாறு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும், சற்று நேரத்தில் தானாகவே மீண்டும் கொடுத்துப் பார்க்கும். காற்றில் ஒரு கிளை உரசும்போது வீட்டு விளக்கு ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு எரிவது அதனால்தான். செத்துக் கிடந்த கம்பி அந்த நொடியில் உயிர்பெறும்.

தொட்டால்தான் ஆபத்து என்பதும் சரியல்ல. கம்பி கிடக்கும் இடத்து மண்ணில் மின்னழுத்தம் அதிகம். விலக விலகக் குறையும். ஒரு கால் முன்னும் மற்றக் கால் பின்னுமாக எட்டி வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உடல்வழியாகப் பாயும். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் தூரம் அதிகம் என்பதால் மாடுகள் எளிதில் சாகின்றன. தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். சென்னை கொடுங்கையூரில் 2017 நவம்பர் 1 அன்று தேங்கிய மழைநீரில் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். எனவே பத்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும், பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் அனுப்ப வேண்டும். துடைப்பக் கட்டையால் தள்ளிவிடுவது, ரப்பர் செருப்பை நம்புவது எல்லாம் 11,000 வோல்ட்டிடம் செல்லாது. கார்மேல் கம்பி விழுந்தால் உள்ளேயே இருந்து போன் செய்வது நல்லது. கார் தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும்.

உயரம் பார்க்காமல் எதையும் தூக்குவதும் இதே கணக்கில் சேரும். தஞ்சாவூர் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். லண்டனில் தேருக்குப் பதில் அலுமினிய ஏணி, சட்டலைட் டிஷ்ஷின் குழாய், மரம் வெட்டும் நீளக் கம்புவாள், பிறந்தநாளுக்கு வாங்கிக் கைநழுவிப் பறக்கவிட்ட மினுமினுப்புப் பலூன். கம்பிக்கு அருகே கூரை வேலையோ சாரம் கட்டும் வேலையோ இருந்தால், விநியோக நிறுவனத்திடம் முன்கூட்டியே சொன்னால் வந்து பார்த்துக் கம்பிக்குக் காப்புறை போட ஏற்பாடு செய்வார்கள். பில்டர் ‘அதெல்லாம் தேவையில்லை அண்ணை’ என்றாலும் கேட்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

வீட்டில் வயதான அம்மா அப்பாவோ, மின்சாரத்தில் ஓடும் மருத்துவக் கருவியோ இருந்தால் விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் (Priority Services Register) பெயர் கொடுத்து வைக்கலாம். கட்டணம் இல்லை. மின்தடை நேரத்தில் நிறுவனமே தொடர்புகொள்ளும். பதிகிறபோது தமிழில் பேச ஆள் வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் ஊருக்குப் போகிறவர்கள், அங்கே முருங்கை பறிக்க இரும்புக் குழாயில் கட்டிய துறட்டி இருந்தால் அதை மூங்கிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். மூங்கிலானாலும் கம்பிப் பக்கம் நீட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அங்கே கம்பி தாழ்ந்தால் இலங்கையில் 1987, தமிழ்நாட்டில் மின்னகம் என்ற மின்நுகர்வோர் சேவை மையத்தின் 94987 94987. லண்டன் வீட்டுக்கு 105.