காற்று வருமுன் கட்டிக்கொள்ளுங்கள்

(வானொலியின் உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



"காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்று சொல்வோம். களத்து மேட்டுக்கு அது சரி. புயலுக்குச் சரிப்பட்டு வராது. புயலுக்கு, காற்று வருமுன்னே கட்டிக்கொள்ள வேண்டும். நம் டெல்டாக் கரையோரத்துக் கிராமங்களில் புயல் காலத்துக்கு வீட்டை எப்படித் தயார் செய்வது என்பது பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன்.

1977-ல் நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயல் நவம்பர் 12-ந் தேதி வந்தது. கஜா புயல் 2018 நவம்பர் 16-ந் தேதி, விடியுமுன், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. "கார்த்திகை போயிடுச்சு, இனிமே பயமில்லை" என்றும் இருந்துவிட முடியாது. தனுஷ்கோடியை அழித்த 1964-ம் ஆண்டுப் புயலும், கடலூர்ப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்த 2011-ம் ஆண்டு 'தானே' புயலும் மார்கழியில் வந்தவை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

முதலில் கூரையைப் பார்ப்போம். காற்றின் வேகம் இரண்டு பங்கானால் அது தள்ளுகிற பலம் நான்கு பங்காகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றைத் தாங்கிய கூரை 100 கிலோமீட்டரையும் தாங்கிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். இன்னொன்று, புயல் காற்று கூரையை அழுத்துவதைவிடத் தூக்குவதுதான் அதிகம். இறவாரத்துக்கு அடியில் புகுந்து நெம்பும். மேலே ஓடுகிற காற்று உறிஞ்சி இழுக்கும். கூரை மேல் கல்லைத் தூக்கி வைப்பதால் பயனில்லை. அந்தக் கல்லே பறந்து வந்து ஆளை அடிக்கும். கூரையைத் தூணோடும் சுவரோடும் தரையோடும் கட்டுவதுதான் வழி.

கீற்று வீடாக இருந்தால் பழைய மீன் வலையைக் கூரை மேல் விரித்து, நாலு பக்கமும் முளை அடித்து இழுத்துக் கட்டுங்கள். கைமரத்தைத் தூணோடு கம்பி போட்டு முறுக்குங்கள். ஓட்டு வீட்டில் முகட்டு ஓடும் ஓரத்து ஓடும்தான் முதலில் போகும்; அவற்றைச் சிமெண்ட் கலவை வைத்துப் பூசுங்கள். தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்டிருந்தால், துருப்பிடித்த கொக்கி போல்ட்டுகளை மாற்றுங்கள். இவ்வளவும் செய்தாலும் பெரும் புயலில் அந்த வீட்டுக்குள் ஆள் தங்கக் கூடாது. கூரையைக் கட்டுவது பொருளைக் காக்க. உயிரைக் காக்கப் பள்ளிக்கூடம் அல்லது புயல் பாதுகாப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும்.

அடுத்தது மரம். வீட்டை ஒட்டி நிற்கிற முருங்கை, பூவரசு முதலியவற்றின் கிளைகளை இப்போதே கழித்துவிடுங்கள். தென்னையில் முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கினால் தலைப்பாரம் குறையும். பறந்து வந்து அடிக்கிற பொருளும் குறையும்.

மூன்றாவது, வீட்டுக் காகிதங்கள். பட்டா, பத்திரம், குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் பாஸ்புத்தகம், நகைக்கடன் ரசீது, பயிர்க் காப்பீட்டு ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, மூடியுள்ள ஒரு டப்பாவில் வையுங்கள். நிவாரணம் கேட்டாலும் காப்பீடு கேட்டாலும் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

இனி, எச்சரிக்கை வந்த பிறகு செய்ய வேண்டியவை. கரையோரத்தில் கடும் வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பே வானிலைத் துறை ஒரு எச்சரிக்கை தருகிறது. 24 மணி நேரம் முன்பு மறுபடியும் தருகிறது. முதல் எச்சரிக்கையிலேயே தண்ணீர் பிடித்து வையுங்கள். மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் குடிதண்ணீர் என்றால், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர், அதாவது ஏறக்குறைய நாலு குடம். அவல், பொரி, வெல்லம் போன்று சமைக்காமல் சாப்பிடக்கூடியவை, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், டார்ச் விளக்கு, பேட்டரியில் ஓடும் ரேடியோ இவற்றை எடுத்து வையுங்கள். நெல் மூட்டையையும் விதையையும் பரணில் ஏற்றுங்கள். வீட்டை விட்டுப் புறப்படும்போது மெயின் சுவிட்சை அணைத்து, கேஸ் சிலிண்டரை மூடிவிடுங்கள்.

"எல்லாம் சரிங்க, மாட்டை என்ன பண்றது?" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரிகிறது. கஜாவின்போது என் தாயாரும் இதையேதான் கேட்டார்கள். நான் இரண்டு நாளாக ஊர் ஊராகப் போய் எச்சரிக்கை சொல்லிவிட்டு, சாயங்காலம் அவர்களை அழைத்துப் போக வந்தேன். "பத்து வருஷமா பால் கொடுத்த மாடு தம்பி. அதைக் கட்டிப் போட்டுட்டு நான் மட்டும் வரவா?" என்று திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "கட்டிப் போட வேணாம்மா, அவிழ்த்து ஓட்டிக்கிட்டே வாங்க" என்றேன். அதன் பிறகுதான் புறப்பட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மரமில்லாத மேட்டுத் திடலில் மாட்டை அவிழ்த்த வாக்கில் விட்டோம்.

நடுராத்திரிக்கு மேல் வடக்கேயிருந்து அடித்த காற்று ஒரு கட்டத்தில் சட்டென்று நின்றது. "ஓய்ஞ்சிடுச்சு, வீட்டை ஒரு எட்டுப் பார்த்துட்டு வரேன்" என்று அம்மா எழுந்தார்கள். வேறு சிலரும் எழுந்தார்கள். நான் வாசலில் நின்று மறித்துக்கொண்டேன். காரணம் இதுதான். புயலுக்கு நடுவில் கண் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே காற்று அடங்கியிருக்கும். அது நம்மைக் கடந்து போனதும் எதிர்த் திசையிலிருந்து காற்று பழைய வேகத்தில் வரும். அன்றும் அப்படியே தெற்கேயிருந்து வந்தது.

விடிந்து போய்ப் பார்த்தோம். மாட்டுக் கொட்டகை மேல் பூவரச மரம் விழுந்து கிடந்தது. கட்டுத்தறி மட்டும் நின்றது. மாடு திடலில் மேய்ந்துகொண்டிருந்தது. ஊரெல்லாம் கிளையைக் கழிக்கச் சொன்ன நான், என் வீட்டுப் பூவரசைக் கழிக்கவில்லை. காகிதங்களை எடுத்து வைக்கச் சொன்னவனின் வீட்டில் பத்திரமும் பாஸ்புத்தகமும் டிரங்குப் பெட்டிக்குள் கூழாகிக் கிடந்தன. ஊருக்கு உபதேசம் செய்தவன் அடைந்த பலன் அது. நகல் வாங்க நான் அலைந்த அலைச்சலை நீங்கள் அலைய வேண்டாம் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

புயல் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வந்த பிறகே வெளியே வாருங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள். கீற்றையும் ஓட்டையும் கையால் புரட்டாதீர்கள். அடியில் பாம்பு இருக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். உதவி தேவைப்பட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் சொல்லலாம்.

கூரையைக் கட்ட ஆள் வேண்டும், காசு வேண்டும். காகிதங்களைப் பையில் போட்டுக் கட்ட அரை மணி நேரம் போதும். இந்தப் பேச்சு முடிந்ததும் அந்த ஒரு வேலையை முதலில் முடித்துவிடுங்கள். மற்றதை நாளைக்கு ஆரம்பிக்கலாம்.