கோட்டை, கச்சேரி, கொட்டடி

கோவையிலிருந்து வாளையாறு தாண்டி மேற்கே போகிறது ரயில். வடக்கே ஒரு மலை, தெற்கே ஒரு மலை. நடுவில் கதவைத் திறந்து வைத்ததுபோலப் பாலக்காட்டுக் கணவாய். காற்றும் மழையும் வணிகரும் படைகளும் வந்துபோன வாசல் இது. அந்த வாசலுக்குப் போட்ட பூட்டுதான் பாலக்காடு நகரின் நடுவே நிற்கும் கோட்டை.

1766இல் ஹைதர் அலி இதைக் கட்டினார். கோவைச் சமவெளிக்கும் மேற்குக் கடற்கரைக்கும் இடையிலான வழி தன் கையில் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊர் மட்டும் இதைத் திப்புவின் கோட்டை என்றே சொல்லும். சதுர வடிவம், பருத்த கருங்கல் மதில், மூலைகளில் கொத்தளங்கள், சுற்றிலும் நீர் நிறைந்த அகழி. பூட்டு வலுவானதுதான், ஆனால் சாவி கைமாறிக்கொண்டே இருந்தது. 1768இல் ஆங்கிலேயத் தளபதி வுட் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் மீட்டார். 1783இல் ஃபுல்லர்ட்டன் 11 நாள் முற்றுகையிட்டு நுழைந்தார். அடுத்த ஆண்டே அதை விட்டு விலக வேண்டியதாயிற்று. 1790இல் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்த பிறகு கோட்டை கிழக்கிந்தியக் கும்பினியிடமே நிலைத்தது.

சண்டை ஓய்ந்தால் கோட்டைக்கு என்ன வேலை? சில காலம் பட்டாளம் தங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாலுகா கச்சேரி உள்ளே குடியேறியது.

கச்சேரி என்றதும் செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் நினைவுக்கு வந்தால் தவறில்லை, ஊர் அப்படிப்பட்டது. ஆனால் அந்நாளில் கச்சேரி என்றால் சர்க்கார் அலுவலகமும்தான். மலபார் மாவட்டம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. மாகாணம் முழுக்கத் தாலுகா கச்சேரிக்கு ஏறக்குறைய ஒரே அமைப்பு. முன்னால் தாசில்தார் உட்காரும் கூடம், பக்கத்தில் கஜானா, அதை ஒட்டிக் கிளைச் சிறை. வரி வாங்குகிறவரே சில்லறை வழக்குகளையும் விசாரிப்பார். பணப்பெட்டிக்கும் கைதிக்கும் ஒரே வளாகம், பெரும்பாலும் ஒரே காவல். பட்டா மாற்றத்துக்கு வந்த விவசாயியும் விலங்கோடு வந்த ஆளும் ஒரே படியில்தான் ஏறினார்கள்.

கச்சேரி போன பிறகும் கோட்டைக்குள் கிளைச் சிறை நீண்ட காலம் இருந்தது. பகைவனை வெளியே நிறுத்த எழுப்பிய மதில், உள்ளே இருப்பவரை வெளியே விடாமல் காக்கும் மதிலாயிற்று. தொல்லியல் துறை பாதுகாக்கும் நினைவுச் சின்னத்துக்குள் சிறைக் கம்பி! இது நம் ஊரில் மட்டும் நடந்த விந்தை இல்லை. இங்கிலாந்தில் நார்ஃபோக் மாவட்டத்து நார்விச் கோட்டை பல நூற்றாண்டுகள் சிறையாகவே கிடந்தது. 1887இல் கைதிகள் வெளியேறினார்கள். 1894இல் அது அருங்காட்சியகமாகத் திறந்தது. பாலக்காட்டுக் கைதிகள் வெளியேற இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. மலம்புழாவில் மாவட்டச் சிறை எழுந்த பிறகுதான் கோட்டைச் சிறைக்கு ஓய்வு கிடைத்தது.

இன்று காலையில் போனால் அகழியைச் சுற்றி நடைப்பயிற்சி, உள்ளே அனுமார் கோயிலில் மணியோசை, வெளியே கோட்டை மைதானம். தூக்குப்பாலம் இருந்த இடத்தில் இப்போது நிலையான பாலம். அதைக் கடக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கச்சேரியும் சிறையும் இப்படி ஒட்டி நின்ற இன்னொரு ஊர் இடுக்கி மலையில் இருக்கிறது. இங்கிருந்து அங்கே போக, பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு ஏற வேண்டும். மறையூரில் சந்தன மரத்துக்கே கம்பி வேலி, இரவு பகல் காவல். அங்கிருந்து மூணாறு, பிறகு போடி சாலையில் சுமார் 8 கிலோமீட்டரில் தேவிகுளம். இது திருவிதாங்கூர் மகாராஜாவின் நாடாக இருந்த மலை. இங்கே அரசாங்கம் வந்ததே தோட்டத்தோடு கைகோத்துத்தான். 1877இல் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கிய ஜான் டேனியல் மன்றோ, திருவிதாங்கூர் அரசின் ஏலமலைக் கண்காணிப்பாளர், மாஜிஸ்திரேட்டும் அவரே. தீர்ப்புச் சொல்கிறவரும் தோட்டம் போடுகிறவரும் ஒரே ஆள்.

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் லயங்கள் என்ற வரிசை வீடுகளில் தங்கின. விடிந்தால் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், பிறகு கொழுந்துக் காடு. பெரட்டில் கங்காணி, அதைத் தாண்டிய வழக்குக்குத் தேவிகுளம். கோர்ட்டு, தாலுகா ஆபீஸ், கிளைச் சிறை எல்லாம் அந்தச் சின்ன ஊரில்தான். தெற்கே பீர்மேட்டிலும் இப்படியே ஒரு கிளைச் சிறை உண்டு.

இந்தச் சிற்றூரின் பெயர் ஒரு காலத்தில் நாடெங்கும் ஒலித்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டம் சூடேறிய 1954 ஜூலையில், அரசின் தடையை மீற மலையேறி வந்த போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி இந்தப் பகுதியில் கைதானார். அந்த நெருப்பு தெற்கே பரவியது. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழகத்துக்கு வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. பாலக்காடும் அதே நாளில் சென்னை மாநிலத்தை விட்டுக் கேரளத்துக்குப் போனது.

எல்லைக்கோடு நகர்ந்தது; தேவிகுளத்தில் அலுவலக வரிசை நகரவில்லை. இன்றும் காலைப் பேருந்தில் மூணாற்று எஸ்டேட்டுக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். தோளில் கம்பளி, கையில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதங்கள். விண்ணப்பம் மலையாளத்தில், வரிசையில் நடக்கும் பேச்சு தமிழில். பனி விலகும் நேரத்தில் ஜன்னல் திறக்கிறது. முதல் ஆள் உறையைப் பிரிக்கிறார்.