நீதிமன்றத்தின் வாயிற்படி
(தாம்பரத்தில் ஆற்றிய உரை)



தாம்பரத்திலே ரயிலேறி, பல்லாவரத்தையும் பரங்கிமலையையும் கடந்தால் கிண்டி! அங்குள்ள பொறியியற் கல்லூரியில் இடம் கேட்ட சீனிவாசன் என்பாரின் மனுவும், மருத்துவக் கல்லூரி குறித்துச் செண்பகம் துரைராசன் அம்மையார் தொடுத்த மனுவும் சேர்ந்துதான், நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்தவைத்தன.

அவர்கள் எதிர்த்தது வகுப்புவாரி ஆணையை. 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, கிறித்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. இந்தப் பங்கீடு செல்லாது என்று 1950 ஜூலை 27-ல் சென்னை உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9-ல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் தீர்ப்பளித்தனர்.

தீர்ப்பை அறிவோம். ஆனால் அதில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டதாக அவரது மனுவிலே காணோம்! விசாரித்தேன், இடம் கிடைக்காதென அறிந்தேன் என்றே கூறியிருந்தார். பந்தியில் அமராதவர், இலையில் சோறு விழவில்லை என்று முறையிடலாமா? கேட்டிருக்க வேண்டியது மாநில அரசு. கேட்கவில்லை! வழக்கில் வென்றால் இடம் தருவதாகவும் ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே நீதிபதிகள் அதை மேலும் ஆராயவில்லை; எனினும், விண்ணப்பிக்காமலே வழக்குக்கு வருவதைத் தாங்கள் ஏற்றதாகக் கொள்ளவேண்டாம் என எச்சரித்தனர்.

அந்தத் தடையை எழுப்பியிருந்தால் ஆணை பிழைத்திருக்குமா? அப்படி மனப்பால் குடிக்க வேண்டாம். சீனிவாசன் முறையாக விண்ணப்பித்தவர். அவர் மனுவிலே அதே கேள்வி எழுந்தே தீரும். கதவை அடைத்து வழக்கை ஒத்திப்போடலாம், வெல்ல முடியாது.

பிறகு வாயிற்படி எதற்கு? உண்மையான தீங்கு, உண்மையான எதிர்வழக்கு, கொடுக்கக்கூடிய பரிகாரம் இவை இருந்தால்தான் நீதிமன்றம் நீதிமன்றமாக இருக்கும். இல்லையேல், சட்டமன்றம் இயற்றும் ஒவ்வொரு சட்டத்துக்கும் மேலே அமர்ந்து அபிப்பிராயம் சொல்லும் மூன்றாவது மன்றமாகிவிடும்!

ஆனால் படியை அளவுக்கு மீறி உயர்த்தினால் இடறி விழுவது யார்? ஏரிக்கரைக் குடிசைக்காரர், கூலித் தொழிலாளி. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாத அவர்களுக்காகவே, 1981-ல் எஸ்.பி. குப்தா வழக்கிலே உச்சநீதிமன்றம் படியைத் தாழ்த்தியது. வறுமையால் வரமுடியாதவர்களுக்காக, நல்லெண்ணமுள்ள மற்றொருவர் வரலாம் என்றது. வீண் வம்புக்கு வருவோருக்கு அல்ல என்றும் சொன்னது.

எனவே தோழர்களே, அரசாணையை எதிர்த்து எவரேனும் வழக்கென்று புறப்பட்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தீங்கு யாருக்கு? அது நேர்ந்துவிட்டதா, நேரும் என்பது உறுதியா? மன்றம் தரக்கூடிய பரிகாரம் என்ன?

மற்றொன்றையும் மறவாதீர்கள். 1951-ல் நீதிமன்றத்திலே தோற்ற வகுப்புரிமை, தமிழகத்தின் வீதிகளிலே எழுந்தது. பெரியார் அழைத்தார்; மக்கள் திரண்டனர். தீர்ப்பு வந்த எழுபதாம் நாள், ஜூன் 18-ல், முதல் திருத்தம் 15(4) என்னும் பிரிவைத் தந்தது. நீதிமன்ற வாயில் யாருக்கு எப்போது திறக்கும் என்பதைச் சட்டம் சொல்லும். அச்சட்டத்தையே திருத்தும் வாயில் மக்கள் மன்றம். அதற்கு மனுவும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். நீங்கள் வேண்டும்!