பழைய ஜீப்பை வீட்டிலேயே புதுப்பிக்கலாம்



அறுவடை முடிந்து, களத்து வேலையும் ஓய்ந்து, கை சற்று ஓய்வாக இருக்கிற சமயத்தில்தான் நம்மில் பலருக்கு, புளியமரத்தடியில் பல வருஷமாக நிற்கிற பழைய ஜீப்பின் ஞாபகம் வருகிறது. "இதைத் தட்டி ஒட்டி ஓட வைத்தால் என்ன?" என்று தோன்றுகிறது. தோன்றுவது நல்லதுதான். ஆனால் எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். அதைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஜீப் முதலில் பட்டாளத்து வண்டி. இரண்டாவது உலகப் போருக்காக 1941-ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு கம்பெனிகள் இதை லட்சக்கணக்கில் செய்தன. 1947-இல் மகிந்திரா கம்பெனியார் இதை நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு இங்கேயே செய்யவும் ஆரம்பித்தார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு ஏறி ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோன வண்டி இதுதான். நான்கு சக்கரமும் இழுக்கும். சேற்றிலும் மேட்டிலும் போகும். பழைய ஜீப்பில் கம்ப்யூட்டர் என்று எதுவும் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் பொறுமையாகக் கழற்றி மாட்டிவிடலாம்.

காகிதமும் சட்டமும்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ஆர்.சி. புத்தகத்தைத் தொடுங்கள். அதில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கிற எண்களோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் மாட்டிய ஜீப்புகள் நிறைய உண்டு. அந்த மாற்றம் புத்தகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். கம்பெனி செய்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே புதுப்பிப்பது வேறு, உருவத்தையே மாற்றுவது வேறு என்பதை மனதில் வையுங்கள்.

அடுத்து சேசிஸ். சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் ஓரம் ஓரமாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இடம் மொத்தென்று சொல்லும். ஸ்பிரிங் பட்டைகள் வந்து மாட்டுகிற இடங்களில் சேறு தங்கி, உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். அங்கே நன்றாகப் பாருங்கள். பாடியில் ஓட்டை இருந்தால் தகரம் வைத்துவிடலாம். சேசிஸ் போய்விட்டால் அந்த வண்டியை ஆசைக்காக எடுக்காதீர்கள்.

எனக்கு நேர்ந்தது

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய வண்டி கிடைத்தால் எல்லோரும் முதலில் எஞ்சினைத்தான் பிரிக்கிறோம். அது 'டுர்' என்று உயிர் பெற்றுவிட்டால் சந்தோஷம் தாங்காது. உடனே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

நானும் அப்படித்தான் செய்தேன். எஞ்சின் ஓடியது, பெயிண்டும் அடித்தாகிவிட்டது. என் தம்பி மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தென்னந்தோப்பிலிருந்து வாய்க்கால் பக்கம் இறக்கத்தில் இறக்கினேன். பிரேக்கை மிதித்தேன். முதல் மிதி பிடித்தது. இரண்டாவது மிதியில் பெடல் தரையோடு போய்விட்டது. கை பிரேக்குக்குக் கேபிளே மாட்டவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். வேறு வழியில்லாமல் வாழைத் தோட்டத்துக்குள் திருப்பினேன். எட்டு வாழை சாய்ந்து வண்டி நின்றது. பையனுக்கு நெற்றியில் சின்னக் காயம். வாழை இல்லாமல் வாய்க்கால் மதகாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றைக்கும் நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

காரணம் என்ன? பின் சக்கரத்து வீல் சிலிண்டரில் இருக்கிற ரப்பர், பல வருஷம் சும்மா நின்றதில் காய்ந்து வெடித்திருந்தது. அழுத்தம் வந்ததும் கிழிந்துவிட்டது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே பாதை. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கிலும் பிரேக் போய்விடும். ஆகவே நான் கற்றுக்கொண்ட வரிசையைச் சொல்கிறேன்: முதலில் பிரேக், இரண்டாவது ஸ்டியரிங், மூன்றாவது எஞ்சின், கடைசியில்தான் பாடியும் பெயிண்டும்.

கழற்றும்போது

வண்டியை ஜாக்கியில் மட்டும் தூக்கி வைத்துவிட்டு ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். செங்கல்லும் வேண்டாம், அது சட்டென்று உடைந்துவிடும். நல்ல கனமான மரக்கட்டை அல்லது இரும்பு ஸ்டாண்டு வைத்து முட்டுக் கொடுங்கள். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கழற்றுகிற ஒவ்வொன்றையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நட்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டுங்கள். இன்னொன்று, பழைய ஜீப்புகளில் இடது பக்கச் சக்கரங்களின் நட்டுகள் இடது மறையாக இருக்கும். தெரியாமல் வழக்கம்போலத் திருப்பினால் மேலும் இறுகி, போல்ட்டே முறிந்துவிடும்.

பிரேக், ஸ்டியரிங்

டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கிற தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள். மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர்கள் எல்லாவற்றிலும் ரப்பரைப் புதிதாகப் போடுங்கள். சிலிண்டர் உள்பக்கம் துருவில் குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களையும் துருப்பிடித்த குழாய்களையும் மாற்றுங்கள். இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பிரேக் ஆயில் டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது பெரிய தவறு. எஞ்சின் ஆயில் பட்டால் பிரேக் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும். பிரேக்குக்கென்று விற்கிற ஆயிலை, மூடி உடைக்காத புது டப்பாவாக வாங்குங்கள். திறந்து வைத்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆயில் ஊற்றியதும், ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்தில் காற்றை வெளியேற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் உள்ள சக்கரத்தில் முடியுங்கள். பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தாலும் இறங்கக்கூடாது.

கை பிரேக்கை மறந்துவிடாதீர்கள். பழைய ஜீப்பில் அது டிரான்ஸ்பர் பெட்டிக்குப் பின்னால் தனி டிரம்மாக இருக்கும். ஆயில் இல்லாமல் கேபிளில் வேலை செய்வதால், கால் பிரேக் போனாலும் இது காப்பாற்றும்.

ஸ்டியரிங்கில், முன் சக்கரத்தை மேலே தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வீல் பேரிங்கோ கிங்பின் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கம்பிகளின் முனையில் உள்ள பந்து மூட்டுகளையும் சரிபாருங்கள்.

எஞ்சின்

நாள்பட நின்ற எஞ்சினைப் பேட்டரி போட்டு உடனே சுற்றாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு ஹாண்டிலைப் போட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். வில்லிஸ் வகைப் பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி வரிசை 1, 3, 4, 2. பாயிண்டு இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு.

இப்போது பங்கில் கிடைக்கிற பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலந்து வருகிறது. பழைய ரப்பர் குழாய்க்கும் பெட்ரோல் பம்ப்பின் டயபிரத்துக்கும் அது ஆகாது. எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களைப் போடுங்கள். பெட்ரோல் டாங்கில் ஓட்டை இருந்தால் நீங்களாக வெல்டிங் வைக்காதீர்கள். காலி டாங்குதானே என்று நினைக்க வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி ஒரு பொறியில் வெடித்துவிடும். கழுவி ஆவி போக்கத் தெரிந்த பட்டறையில் கொடுங்கள், இல்லாவிட்டால் புது டாங்கு போடுங்கள்.

கியர் பெட்டிக்கும் டிரான்ஸ்பர் பெட்டிக்கும் நடுவில் ஆயில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கசிவது இந்த வண்டியின் வழக்கம். இரண்டையும் தனித்தனியாகத் திறந்து அளவு பாருங்கள். தார் ரோட்டில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டாதீர்கள், பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சேறு, மணல், மேடு இவற்றுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும், முதல் ஓட்டம் உங்கள் சொந்தக் களத்தில், சமதரையில், ஆளை ஏற்றாமல், முதல் கியரில் இருக்கட்டும். பத்து தடவையாவது நிறுத்திப் பாருங்கள். இறங்கி, நான்கு சக்கரத்துக்கு உள்பக்கமும் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இன்சூரன்ஸ் கட்டி, புத்தகத்தையும் புதுப்பித்த பிறகே ரோட்டுக்கு வாருங்கள்.

உழவு மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போடாமல் யாரும் ஏரில் பூட்டுவதில்லை. ஜீப்புக்கு மூக்கணாங்கயிறு பிரேக்தான். பெயிண்டு அடிக்க அடுத்த தை வரை கூடக் காத்திருக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. வண்டி உங்கள் பேச்சைக் கேட்டு நிற்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.