விடியுமுன் குளத்தங்கரையில்



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அழைத்தபோது மகிழ்ச்சியோடு கலக்கமும் வந்தது. முன்வரிசையில் எனக்குப் பாசிகளை இனங்காணக் கற்றுத்தந்தவர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்வரிசைகளில் என்னிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் என் சொல்லை எடை போடுவீர்கள் என்பதை அறிந்தே பேசத் தொடங்குகிறேன்.

நன்னீர் அறிவியலை மாணவரும் ஆசிரியரும் செய்து கற்பதற்கான வாய்ப்புகள் என்பது மாநாட்டின் பொருள். அதன் தேவையை இந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. நீரின் தெளிவை அளக்கும் செக்கி வட்டைப் பழைய பெயின்ட் டப்பா மூடியில் செய்துவிடுகிறோம். மனு பிரகாஷும் அவர் குழுவினரும் 2014இல் அறிமுகப்படுத்திய காகித நுண்ணோக்கி ஃபோல்ட்ஸ்கோப் நம் பள்ளிகள் சிலவற்றுக்கும் வந்துவிட்டது. கருவிகளுக்கென்று தனி அமர்வுகள் உள்ளன. அவற்றை அந்த அமர்வுகளுக்கே விடுகிறேன். நான் கேட்க விரும்புவது வேறு. மாணவர்களை எத்தனை மணிக்குக் குளத்துக்கு அழைத்துப் போகிறோம்?

முதல் பாடவேளை முடிந்து, பேருந்து வந்து, வருகைப் பதிவு எடுத்து, குளக்கரைக்குப் போய்ச் சேரும்போது பத்தரை, பதினொன்று ஆகிவிடுகிறது. வண்ண அட்டையோடு வரும் சோதனைப் பெட்டியைத் திறந்து கரைந்த ஆக்சிஜனைப் பார்க்கிறோம். எண் நன்றாகவே இருக்கிறது. "குளம் நலமாக உள்ளது" என்று பதிவேட்டில் எழுதி, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அடுத்த ஆண்டும் அதே குளம், அதே நேரம், அதே எண். ஒரு நோயாளியை நாள்தோறும் உண்டு முடித்த வேளையில் மட்டும் பார்த்துவிட்டுப் பசியே இல்லாதவர் என்று எழுதுவதற்கு ஒப்பானது இது.

30 டிகிரி வெப்பத்தில் நன்னீர், காற்றோடு சமநிலையில், லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். பச்சைப் பசேல் என்று பாசி நிறைந்த குளத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு அது 12ஐயும் தாண்டலாம். கார்பன் டை ஆக்சைடைப் பாசி உறிஞ்சிக்கொள்வதால் காரத்தன்மை ஏறி பிஎச் 9ஐக் கடக்கும். இருட்டியதும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சுவாசம் நிற்காது. பாசியும், பாக்டீரியாவும், மீனும், அடிச்சேறும் இரவெல்லாம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டே இருக்கும். விடிவதற்குச் சற்று முன்பு அதே நீரில் 2 மில்லிகிராம்கூட இல்லாமல் போகலாம். மழை மேகம் மூடிய நாளுக்கு அடுத்த விடியலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் குத்தகைக்கு மீன் வளர்ப்பவர் எவரும் பார்த்திருப்பார். இறால் பண்ணைக்காரர் இரவில் ஏரேட்டரை நிறுத்தாமல் ஓடவிடுவது இதை அறிந்துதான். நம் மாணவருக்கு மட்டும் இது பாடப்புத்தகத்தின் ஒரு வரைபடமாகவே நின்றுவிடுகிறது.

இங்கேதான் நாம் படிக்காமல் விட்ட ஒரு முன்னோடியை நினைவூட்ட வேண்டும். எஸ். வி. கணபதி மைக்ரோசிஸ்டிஸ் பாசி நிரந்தரமாகப் படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தை ஆராய்ந்து 1940இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதினார். 1943இல் விலங்கு மிதவையுயிர்கள் நிறைந்த ஒரு தோட்டக் குட்டையைப் பற்றி எழுதினார். நான் மாணவர்களிடம் அடிக்கடி சொல்வது 1955இல் ஹைட்ரோபயோலாஜியா இதழில் வந்த கட்டுரையை. மேட்டூர் அணைப் பகுதியில் ஓடைப் படுகையில் தேங்கிய மூன்று பாறைக்குட்டைகள். நிலையானவைகூட அல்ல, தற்காலிகக் குட்டைகள். அவற்றின் வாயுக்களும், பிஎச்சும், கரைபொருள்களும் ஒரு நாளுக்குள் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. உலக இதழில் இடம்பெற ஏரி வேண்டியிருக்கவில்லை, படகு வேண்டியிருக்கவில்லை. கோடை வந்தால் வற்றிவிடும் குட்டை போதுமாயிருந்தது. பள்ளிக்கு இதைவிட நெருக்கமான ஆய்வு எது? ஆனாலும் நம் கல்லூரிப் பாடத்திட்டங்களில் ஐரோப்பிய ஏரிகளின் அடுக்குமுறை பக்கம் பக்கமாக வருகிறது. கணபதியின் பெயரை நான் எங்கும் கண்டதில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிதிக்குழுவுக்கு நான் அனுப்பிய திட்டமும் இந்தக் கேள்வியைப் பற்றியதே. பத்துப் பள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குளம், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று முழு ஒரு நாள் அளவெடுப்பு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாணவர் எடுக்கும் அளவு கல்விக்கு உதவும், அறிவியலுக்கு உதவாது என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். அவர்மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அவர் கணக்கு மட்டும் தவறு என்று கருதுகிறேன். மாணவர் கையில் அரை மில்லிகிராம் பிழை வரும் என்றே வைத்துக்கொள்வோம். விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே பத்து மில்லிகிராம் வேறுபாடு இருக்கும் நீரில் அந்தப் பிழை எதை மறைத்துவிடும்? ஒரே ஒரு பகற்பொழுது அளவை எத்தனை நுட்பமாக எடுத்தாலும் அந்தக் குளத்தின் இரவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

பூச்சிப் புழுக்களைக் கொண்டு நீரின் தரத்துக்கு மதிப்பெண் போடும் முறையை நம் கண்மாய்களுக்கு அப்படியே கொண்டுவந்த நண்பர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த மதிப்பெண் பட்டியல் பிரிட்டனின் ஓடும் ஆறுகளுக்காக எழுந்தது. குளிர்ந்த ஓட்டத்தில் கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் ஸ்டோன்ஃபிளைப் பூச்சிப் புழு அங்கே பத்து மதிப்பெண் பெறும். தேங்கிய வெதுநீரில் அதைத் தேடினால் நல்ல கண்மாயும் தேறாது. புழுக்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சேற்றுக்குள் சிவந்து நெளியும் கைரோனமிட் புழு ஏன் சிவப்பு என்று கேளுங்கள். ஆக்சிஜன் குன்றிய சேற்றிலும் அதைப் பற்றிக்கொள்ள அதன் உடலில் ஹீமோகுளோபின் இருக்கிறது. கேள்வி திரும்பவும் அந்த விடியற்காலைக்கே வந்து நிற்கிறது.

விடியற்காலை அளவை எப்படி எடுப்பது? 1888இல் லாயோஷ் விங்க்லர் தந்த முறை இன்னும் நம் கையில் இருக்கிறது. குமிழி இல்லாமல் புட்டியை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டால் ஆக்சிஜன் அங்கேயே பிணைந்துவிடும். ஆக்சிஜன் இருந்தால் வீழ்படிவு பழுப்பு நிறமாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பிற்பகலில் எடுத்த புட்டியையும் விடியலில் எடுத்த புட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்காட்டும்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை. பிணைத்த புட்டிகளை இருட்டில் சில மணி நேரம் வைத்திருக்கலாம். தரம்பார்த்தலை ஆய்வகத்தில் பிறகு செய்துகொள்ளலாம். அடர் அமிலத்தையும் அசைடு கலந்த அந்தக் கார அயோடைடுக் கரைசலையும் ஆசிரியர் மட்டுமே தொட வேண்டும். நீரில் யாரும் இறங்கக்கூடாது, படித்துறையிலிருந்தே எடுக்க வேண்டும். இவற்றில் தளர்வு கூடாது.

இரவில் மாணவரை, அதிலும் மாணவியரை, யார் அனுப்புவார் என்ற கேள்வியைத் தலைமையாசிரியர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நான் நம்பும் விடை நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம். மேல்நிலைப் பள்ளி மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர் துணையோடு ஒரு கிராமத்திலேயே தங்குகிறார்கள். அந்த ஊரில் பெரும்பாலும் ஓர் ஏரியோ ஊருணியோ இருக்கும். ஏழு நாட்களில் ஒரு நாளை, ஓர் இரவோடு சேர்த்து, அந்த நீருக்குக் கொடுக்கலாம். மடை திறப்பவரையும் மீன் குத்தகைக்காரரையும் முகாமுக்கு அழைத்து, மீன் எந்த விடியலில் மேலே வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டால் புட்டியில் கிடைத்த எண்ணுக்குப் பொருள் கூடும்.

இந்த மாநாட்டின் தீர்மானங்களில், முகாமின் ஒரு பகலையும் இரவையும் நீருக்குக் கொடுக்கும் இந்த ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தலைவர் என்ற உரிமையில் முன்மொழிகிறேன். அதை எதிர்ப்பவர்கள் இருப்பார்கள். அவர்களோடு இங்கே மேடையிலிருந்து வாதிட நான் விரும்பவில்லை. இந்த வளாகத்துக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. இன்று பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே ஆறு புட்டிகள் நிரப்பப்படும். மற்ற ஆறு புட்டிகளோடு நாளை விடியற்காலை நாலரை மணிக்கு அதன் படித்துறையில் நான் காத்திருப்பேன். டார்ச் கொண்டு வாருங்கள்.