குரோஷா ஊசி: எந்த நூலுக்கு எந்த அளவு?



குரோஷா பின்னத் தொடங்குகிறவர்கள் நூலைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். நிறம் பார்ப்பார்கள், கன்னத்தில் வைத்து மென்மை பார்ப்பார்கள். ஊசி மட்டும் வீட்டில் இருப்பது போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் பின்னிய துணி விறைப்பாக நிற்குமா, தழையத் தழைய விழுமா என்பது பெரும்பாலும் ஊசியின் கையில்தான் இருக்கிறது.

ஊசியைச் சற்று உற்றுப் பாருங்கள். நுனியில் கொக்கி, அதையடுத்து ஒடுங்கிய கழுத்து, அதற்குப் பின் ஒரே சீரான தண்டு. 4 மில்லிமீட்டர் ஊசி என்றால் அந்தத் தண்டின் தடிமன் 4 மில்லிமீட்டர். நூல் தண்டைச் சுற்றி வரும்போதுதான் கண்ணிக்குச் சரியான அளவு கிடைக்கும். கண்ணியைத் தண்டு வரை விடாமல் கழுத்திலேயே இறுக்கிப் பின்னினால், எந்த அளவு ஊசி வாங்கியும் பயனில்லை.

இப்போது ஒரே நூலை எடுத்துக்கொள்வோம். 8 பிளை பருத்தி நூல். அதன் லேபிளில் 4 மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஊசியில் குழந்தைக்குத் தொப்பி பின்னினால் பதமாக வரும். அதே நூலில் பஞ்சடைத்த பொம்மை செய்வதானால் இரண்டரை அல்லது 3 மில்லிமீட்டருக்கு இறங்க வேண்டும். இல்லையென்றால் கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு எட்டிப் பார்க்கும். தோளில் போடும் சால்வை என்றால் 5, ஐந்தரை வரை ஏறலாம். துணி இளகிக் காற்றோட்டமாக இருக்கும். ஆக, லேபிளில் உள்ள அளவு ஆரம்பப் புள்ளி. முடிவு செய்வது நாம் பின்னும் பொருள்.

லேஸ் வேலை தனி உலகம். ஆந்திராவின் நரசாப்பூர்ப் பெண்கள் பின்னும் லேஸ் போன்றவற்றுக்கு மெல்லிய பருத்தி நூலும் மெல்லிய ஊசியும் வேண்டும். 10 ஆம் நம்பர் நூலுக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர் ஊசி பொருந்தும். இங்கே ஒரு கவனம் தேவை. நூலின் நம்பர் கூடக்கூட நூல் மெலியும். அமெரிக்க ஸ்டீல் ஊசிகளிலும் நம்பர் கூடினால் ஊசி மெலியும். அதனால் கடையில் நம்பரைச் சொல்லாமல் மில்லிமீட்டரைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது நம் கை. சிலர் இறுக்கிப் பின்னுவார்கள், சிலர் தளர்த்திப் பின்னுவார்கள். அதனால்தான் மாதிரிச் சதுரம் அவசியம். பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் வரும்படி பின்னி, அலசி, காயவைத்து, நடுவில் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணிகள் என்று எண்ணுங்கள். 16 வர வேண்டிய இடத்தில் 18 வந்தால் உங்கள் கை இறுக்கம். அரை மில்லிமீட்டர் பெரிய ஊசிக்கு மாறுங்கள். 14 வந்தால் சிறிய ஊசி. இரண்டு கண்ணிதானே என்று விட்டுவிடாதீர்கள். 160 கண்ணியில் 100 சென்டிமீட்டர் சுற்றளவு வர வேண்டிய ஸ்வெட்டர், அந்த இறுக்கத்தில் 89 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். எத்தனையோ மாலை நேரங்களின் உழைப்பு, போட்டுக்கொள்ள முடியாமல் பெட்டிக்குள் போவது எவ்வளவு வருத்தம்!

விரிப்பின் முதல் வரிசை வளைந்து சுருங்குகிறதா? தொடக்கத்தில் போடும் அடிச்சங்கிலியை மட்டும் ஓர் அளவு பெரிய ஊசியால் போட்டுவிட்டு, பிறகு வழக்கமான ஊசிக்குத் திரும்புங்கள். சுருக்கம் வராது.

மாதிரிச் சதுரத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஊசியின் அளவைச் சிறு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். பாதியில் நிறுத்திய வேலையை மாதங்கள் கழித்து எடுத்தாலும், அதே ஊசியோடு விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.