வானத்துக்குப் போட்ட காசு கரைக்கு வந்தது

(தலைப்பு: ஏழை நாட்டின் பணம் போக வேண்டியது வயிற்றுக்கா? வானத்துக்கா? – ‘வானத்துக்கும் வேண்டும்’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியது)



நான் பேராசிரியர் இல்லைங்க. குளச்சலில் ரேடியோ, வயர்லெஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமா சோல்டரிங் புகையை மூக்கில் வாங்கினவன். அதனால சூத்திரம் எதுவும் சொல்ல மாட்டேன், தைரியமா உட்காருங்க. (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு கேள்வி கேட்டார். “கூழுக்கே வழியில்லாதவனுக்கு மீசைக்கு எண்ணெய் எதுக்கு? வானத்துல மின்சாரம் ஓடுதா, அலை வளையுதான்னு பார்க்கிற காசுல பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாத்தலாமே?” என்று கேட்டார். கைதட்டல் பலமாக வந்தது. நானும் தட்டினேன். ஏன்னா, அது நியாயமான கேள்வி. பசித்தவன் கேட்கிற கேள்வியைக் கிண்டல் பண்ணுகிறவன் மனுஷனே இல்லை. ஆனால் நடுவர் அவர்களே, கேள்வி நியாயமா இருக்குங்கிறதுக்காகப் பதிலும் அவங்க பக்கமே போயிடுமா?

ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். மீடியம் வேவ் ரேடியோவில் பகலில் பக்கத்து ஸ்டேஷன்தான் கேட்கும். பொழுது சாய்ந்ததும் பாருங்க, எங்கேயோ இருக்கிற ஊரெல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டி மாறவில்லை, ஏரியல் மாறவில்லை. மாறினது வானம்! நம் தலைக்கு மேலே ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரில் தொடங்கி, வெயில் பட்டுப் பட்டு காற்றே மின்சாரம் ஏறிக் கிடக்கிறது. அதற்கு அயனி மண்டலம் என்று பேர். அதனுடைய அடித்தட்டு பகலில் மீடியம் வேவ் அலையை விழுங்கிவிடும். சூரியன் போனால் அந்தத் தட்டும் கலைந்துபோகும். அப்போது அலை மேல்தட்டு வரைக்கும் போய், பட்டுத் திரும்பித் தூரத்து ஊரில் இறங்கும். அவ்வளவுதான் ரகசியம்.

இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவன் யார்? 1901 டிசம்பர் 12. இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து அனுப்பிய மூன்று புள்ளி, அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டது என்று மார்க்கோனி அறிவித்தார். பூமி உருண்டை, அலையோ நேராகப் போகிறது. எப்படி வளைந்து வந்தது? 1902-ல் இரண்டு பேர் தனித்தனியாகப் பதில் சொன்னார்கள், மேலே மின்சாரம் கடத்துகிற ஒரு கூரை இருக்கிறது என்று. ஒருவர் அமெரிக்காவில் கென்னலி. இன்னொருவர் இங்கிலாந்தில் ஹெவிசைடு. இந்த ஹெவிசைடு யார் தெரியுமா? பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். காது சரியாகக் கேட்காது. காது கேட்காத மனுஷன்தான் உலகத்துக்கே ரேடியோ ஏன் கேட்குதுன்னு சொன்னார்! (கைதட்டல்)

அந்தக் கூரை நிஜமாகவே இருக்கிறதா? 1924-ல் ஆப்பிள்டன் என்பவர் பி.பி.சி.யின் போர்ன்மத் ஒலிபரப்பை இரவு நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு கொஞ்ச நேரம் கடன் வாங்கினார். ஆக்ஸ்ஃபோர்டில் அலையைப் பிடித்து, கூரையின் உயரத்தையே அளந்துவிட்டார். 1947-ல் நோபல் பரிசு. அமெரிக்காவில் 1925-ல் பிரைட், டியூவ் என்ற இரண்டு பேர் அலையைத் துண்டு துண்டாக மேலே வீசி, எதிரொலி திரும்புகிற நேரத்தைக் கணக்குப் பார்த்தார்கள். வானத்தின் உயரத்தை அளக்கிற விளையாட்டு! பத்தே வருஷத்தில் அதே வித்தை ரேடார் ஆனது. 1940-ல் லண்டன்மேல் குண்டு போட விமானம் வந்தபோது, அந்த எதிரொலிதான் முன்கூட்டியே தகவல் சொன்னது. 1924-ல் நம் சகோதரி அங்கே இருந்திருந்தால், “ஓட்டைக் கவனிங்கப்பா”ன்னு ஆப்பிள்டனை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அப்புறம் ஓடு மட்டும் இருந்திருக்கும், கீழே லண்டன் இருந்திருக்காது! (சிரிப்பு, கைதட்டல்)

இதைவிட அதிசயம் ஒன்று சொல்கிறேன். முதல் உலகப் போரில் எதிரியின் டெலிபோனை ஒட்டுக்கேட்க உட்கார்ந்தார் பார்க்ஹவுசன் என்ற ஜெர்மானியர். காதில் என்ன விழுந்தது? உய்ய்ங்... என்று மேலிருந்து கீழே இறங்குகிற ஒரு விசில்! யார் அடிக்கிறார்கள் என்று ரொம்ப நாள் தெளிவாகத் தெரியவில்லை. 1953-ல் கேம்பிரிட்ஜில் ஸ்டோரி என்ற ஆராய்ச்சி மாணவர் விடை சொன்னார். அது மின்னல்! பூமியின் ஒரு பாதியில் அடித்த மின்னலின் அலை, பூமியின் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விண்வெளிக்குள் பல ஆயிரம் கிலோமீட்டர் ஏறி, மறு பாதியில் வந்து இறங்குகிறது. உச்ச சுருதி முன்னால் வரும், தாழ்ந்த சுருதி தாமதமாக வரும். அதனால்தான் விசில் மாதிரி கேட்கிறது. ராக்கெட் எதுவும் அங்கே போகாத காலம். தரையில் உட்கார்ந்து காதால் கேட்டே, ‘அவ்வளவு உயரத்திலும் எலெக்ட்ரான் கூட்டம் இருக்கிறது’ என்று சொன்னார். 1958-ல் எக்ஸ்ப்ளோரர் செயற்கைக்கோளில் போன கருவியை வைத்து, பூமியைச் சுற்றிக் கதிர்வீச்சு வளையங்கள் இருப்பதை வான் ஆலன் காட்டினார். இன்றைக்கு நம் டி.வி.க்கும் வானிலைக்கும் உழைக்கிற செயற்கைக்கோள்கள் அந்த அபாயத்தில்தான் பிழைப்பு நடத்துகின்றன. அங்கே எலெக்ட்ரானை முடுக்கிவிடுவதும், கீழே தள்ளிவிடுவதும் இந்த விசில் சாதி அலைகள்தான். அதைத் தெரிந்துகொள்ள அமெரிக்காக்காரர்கள் அண்டார்டிக் பனியில் சைப்பிள் என்ற இடத்தில் 21 கிலோமீட்டர் நீளத்துக்கு ஏரியல் கட்டினார்கள். 1973 முதல் 1988 வரை அங்கிருந்து அலை அனுப்பி, காந்தக் கோட்டின் மறுமுனையான கனடாவில் கேட்டார்கள். எங்க கடையில் 21 அடி கம்பி கட்டினாலே முனிசிபாலிட்டியில் இருந்து ஆள் வந்துடும்! (சிரிப்பு)

உடனே எதிரணி என்ன சொல்லும்? “சரிப்பா, பணக்கார நாடு கண்டுபிடிக்கட்டும். நாம வாங்கிக்கலாம்!” அங்கேதான் ஐயா நான் குறுக்கே நிற்கிறேன். கடுகை வாங்கலாம், காரை வாங்கலாம். வானத்தை எப்படி வாங்குவீங்க? அவங்க வானம் வேற, நம்ம வானம் வேற!

கவிதைக்காகச் சொல்லவில்லை. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாகப் போகிறது. அங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். அதனால் பகலில் சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னாறே ஓடுகிறது. சாயங்காலம் ஆனால் அயனி மண்டலத்தில் குமிழி கிளம்பும். அதன் வழியாக வருகிற செயற்கைக்கோள் சிக்னல் நடுங்கும். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இந்தத் தொல்லை இப்படிக் கிடையாது. அதனால்தான் விக்ரம் சாராபாய் தும்பாவைத் தேர்ந்தெடுத்தார். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அதனால்தான் திருநெல்வேலியில் காந்தவியல் ஆராய்ச்சிக் கூடம், திருப்பதிக்குப் பக்கத்தில் காடங்கியில் பெரிய ரேடார்.

இங்கே ஒரு உண்மையை மறைக்காமல் சொல்லணும். தும்பா சும்மா கிடந்த மணல் இல்லை. மீனவர்கள் குடியிருந்த ஊர். அவங்க வீட்டைக் கொடுத்தார்கள். பிரார்த்தனை செய்த மகதலேனா மரியாள் கோயிலையே கொடுத்தார்கள். அதில்தான் விஞ்ஞானிகள் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். ஆக, வானத்துக்குக் கொடுத்தவர்கள் பணக்காரர்கள் இல்லை. வயிற்றுக்காகக் கடலுக்குப் போகிறவர்கள்தான். அவங்களுக்கு என்ன திரும்பி வந்தது? எதிரணி கேட்காவிட்டாலும் நான் கேட்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி அது.

2017 நவம்பர் கடைசி. ஒக்கிப் புயல். எங்க ஊர் ஆட்கள் ஆழ்கடலில். நான் ரிப்பேர் பார்த்துக் கொடுத்த செட்டுகளும் அந்தப் படகுகளில் இருந்தன. கரையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. செட்டில் பழுது இல்லைங்க. படகில் இருக்கிற வி.எச்.எஃப். அலை வானத்தில் பட்டுத் திரும்பாது. கண்ணுக்கு எட்டுகிற தூரத்துக்குக் கொஞ்சம் மேலேதான் போகும். அவர்கள் இருந்ததோ அதைப் போலப் பல மடங்கு தூரம். புயல் வருதுன்னு சொல்ல ஒரு வார்த்தை எட்டவில்லை. எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது என்று எங்க கடற்கரையில் வந்து கேளுங்கள். (அமைதி)

அதற்குப் பிறகு, 2019-ல் ‘ஜெமினி’ என்று ஒரு சின்னக் கருவியை மத்திய அரசு வெளியிட்டது. எத்தனை தூரத்தில் இருந்தாலும், புயல் எச்சரிக்கை செயற்கைக்கோளிலிருந்து நேராகப் படகுக்கு இறங்கும். அந்தச் செய்தி எதன்மேல் ஏறி வருகிறது? ‘ககன்’ என்ற நம் நாட்டு ஏற்பாட்டின்மேல். விமானங்களுக்கு இடத்தைத் துல்லியமாகச் சொல்வதற்காக இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கட்டியது அது. அதில் பெரிய தலைவலியே நம்ம அயனி மண்டலம்தான். அது ஜி.பி.எஸ். சிக்னலைத் தாமதப்படுத்தும். அமெரிக்காக்காரன் தன் வானத்துக்குப் போட்ட கணக்கு இங்கே பொருந்தவில்லை. நம் ஆட்கள்தான் நாடு முழுக்க நிலையம் வைத்து அளந்து, நம் வானத்துக்கென்று தனிக் கணக்குப் போட்டார்கள். தும்பாவில் தொடங்கிய படிப்பு இல்லாமல் அந்தக் கணக்கு வருமா? வானத்துக்குப் போட்ட காசு சுற்றிச் சுற்றி எங்க கரைக்குத்தான் ஐயா வந்தது! (பலத்த கைதட்டல்)

வந்தது சரி, தாமதமாக வந்தது. அதுதான் என் மனக்குறை. இன்னும் பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால்? ஆகவே நான் கேட்பது குறைவான ஆராய்ச்சி இல்லை, சீக்கிரமான ஆராய்ச்சி.

வயிறு, வயிறு என்கிறீர்களே, ஒரு செய்தி சொல்லி முடிக்கிறேன். 2024 மே 10. சூரியனிலிருந்து பெரிய காந்தப் புயல். லடாக்கின் ஹன்லேயில் வானம் செந்நிறமாகச் சிவந்தது. அதே நேரம் அமெரிக்காவில் விதைப்புக் காலம். ஜி.பி.எஸ். பார்த்து உழுகிற டிராக்டர்கள் வழி தெரியாமல் தடுமாற, பல விவசாயிகள் விதைப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அயனி மண்டலம் கலங்கினால் ஏர் நிற்கிறது ஐயா! இதில் வானம் எது, வயிறு எது, பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்!

எங்க பாட்டி சொல்வாள், எவ்வளவு பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குத்தித் தின்னாதே என்று. நாங்கள் களஞ்சியத்தைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போடுங்கள், முதலில் போடுங்கள். அந்த ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிற பிள்ளை, ஓட்டுக்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டால், அதற்கும் ஒரு கைப்பிடி விதைநெல் வையுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.